டிரெட்மில் சோதனை சரியாக இருந்தும் மாரடைப்பு வருவது எப்படி?

"என் அண்ணனுக்கு 52 வயது. டிரெட்மில் சோதனை செய்துவிட்டு, இதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்று அனுப்பிவைத்தார்கள். நான்காவது மாதமே மாரடைப்பு வந்துவிட்டது. சோதனையில் தவறு நடந்ததா, அல்லது நான்கே மாதத்தில் அவ்வளவு பெரிய அடைப்பு வளர்ந்துவிட்டதா? மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, கார்டியாக் அரெஸ்ட் என்று விதவிதமாகச் சொல்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானா?" இதுதான் கேட்கப்பட்டிருக்கும் கேள்வி.

சோதனை சரியாகவே நடந்திருக்கக்கூடும். டிரெட்மில் சோதனை தேடுவது ரத்தக் குழாயில் உள்ள குறுகலை. மாரடைப்பைப் பெரும்பாலும் உண்டாக்குவதோ குழாயின் உட்சுவரில் ஏற்படும் வெடிப்பு. குறுகலும் வெடிப்பும் ஒன்றல்ல. பெரிய குறுகல் வெடிக்காமலே ஆண்டுக்கணக்கில் இருக்கலாம்; சுவருக்குள் இருக்கும் சிறிய கொழுப்புப் படிவு ஒன்று ஒரு காலைப்பொழுதில் வெடித்துவிடலாம். இந்த வேறுபாடு விளங்க வேண்டுமானால், இதயம் எப்படி இயங்குகிறது, குறிப்பாகத் தனக்கு வேண்டிய ரத்தத்தை அது எங்கிருந்து பெறுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பார்வைக்கு ஒரே உறுப்பாக இருந்தாலும் இதயம் உண்மையில் ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள். உடலெங்கும் சுற்றிவிட்டு ஆக்சிஜன் குறைந்து திரும்பும் ரத்தம் வலது மேலறைக்கு வந்து, மூவிதழ் வால்வைத் தாண்டி வலது கீழறைக்கு இறங்கி, அங்கிருந்து நுரையீரலுக்குத் தள்ளப்படுகிறது. நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்ட ரத்தம் இடது மேலறைக்கு வந்து, ஈரிதழ் வால்வு வழியாக இடது கீழறையில் நிரம்பி, பெருந்தமனி வழியாக உடலெங்கும் செல்கிறது. நுரையீரலின் குழாய்கள் அகலமானவை, எதிர்ப்புக் குறைந்தவை என்பதால் வலது கீழறைக்கு 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தமே போதும். இடது கீழறையோ 120 அளவுக்கு அழுத்தம் எழுப்ப வேண்டும். அதனால்தான் இடது கீழறையின் சுவர் வலதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தடிமனாக இருக்கிறது. அழுத்தம் வேறானாலும் இரண்டு பம்புகளும் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும். வலது பக்கம் அனுப்புவதை இடது பக்கத்தால் வாங்கி வெளியே தள்ள முடியாமல் போனால், மிச்சம் நுரையீரலில் தேங்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதயச் செயலிழப்பைப் பற்றிச் சொல்லும்போது இங்கேதான் திரும்பி வர வேண்டியிருக்கும்.

ஓய்வாக இருக்கும்போது ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தம் வெளியேறுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கொண்டால் ஏறத்தாழ 5 லிட்டர் ஆகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மொத்த ரத்தமும் அதே அளவுதான். அதாவது உங்கள் ரத்தம் முழுவதும் நிமிடத்துக்கு ஒரு முறை இதயத்தைக் கடந்துவிடுகிறது. ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628இல் நூல் எழுதி நிறுவிய ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி இப்படிப்பட்ட ஒரு கணக்கில்தான் தொடங்கினார். அதுவரை, ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக, உணவிலிருந்து கல்லீரல் ஓயாமல் ரத்தத்தை உண்டாக்குகிறது, உறுப்புகள் அதைத் தின்று தீர்க்கின்றன என்ற பண்டைய மருத்துவர் கேலனின் கருத்தே பாடமாக இருந்தது. ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தை மிகக் குறைவாகவே வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் உடலில் உள்ளதைவிட அதிகமான ரத்தம் வெளியேறிவிடுகிறது; மனிதன் உண்ணும் எந்த உணவும் அவ்வளவு ரத்தத்தை உண்டாக்க முடியாது; ஆகவே அதே ரத்தம்தான் திரும்பி வருகிறது என்றார் ஹார்வி. புதிய கருவி எதுவும் இல்லாமல், பெருக்கல் கணக்கைக் கொண்டே ஒரு பழைய கொள்கையைச் சாய்த்தது மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அவர் செய்து காட்டிய ஒன்றை நீங்களும் செய்து பார்க்கலாம். கையைச் சற்று நேரம் தொங்கவிடுங்கள். புறங்கையில் சிரைகள் புடைத்ததும், கிளை பிரியாத ஒரு சிரையின் மேல் ஒரு விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, மற்றொரு விரலால் அங்கிருந்து மணிக்கட்டை நோக்கி அழுத்தி வழித்துவிடுங்கள். இடைப்பட்ட பகுதி தட்டையாகிவிடும். வழித்த விரலை எடுத்தாலும், நடுவில் வால்வு இருக்குமானால், மேலே உள்ள ரத்தம் கீழே இறங்காது. முதலில் அழுத்திய விரலை எடுத்தவுடன் சிரை கீழிருந்து நிரம்பும். சிரைகளில் ரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே செல்லும் என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் ஹார்வி கடைசிவரை காணவில்லை. அவர் 1657இல் இறந்தார். 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்துத் தந்துகிகளைக் கண்டறிந்தார்.

அந்தத் தந்துகிகளுக்காகத்தான் மற்ற ஏற்பாடுகள் அனைத்தும். பெருந்தமனி ரப்பர்போல் விரிந்து சுருங்குவது. அதனால் இதயம் விட்டுவிட்டுத் தள்ளினாலும் ரத்தம் அறுபடாமல் ஓடுகிறது. நுண்தமனிகள் குழாயடித் திருகுபோல் திறந்து மூடி, எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று பங்கிடுகின்றன. உண்டபின் குடலுக்கும், ஓடும்போது தசைக்கும் அதிக ரத்தம் போவது இவற்றால்தான். பிறகு தந்துகி. ஒரு சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். பல தந்துகிகள் அதைவிடக் குறுகலானவை. எனவே சிவப்பணு தன்னை மடக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேகத்தில் நகர்கிறது. பெருந்தமனியில் சீறிப் பாய்ந்த ரத்தம் இங்கே ஊர்வதற்குக் காரணம், கோடிக்கணக்கான தந்துகிகளின் குறுக்குப் பரப்பைச் சேர்த்துப் பார்த்தால் அது பெருந்தமனியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது என்பதே. ஆக்சிஜன் இறங்குவதற்கும் கழிவு ஏறுவதற்கும் அந்த மெதுவான நடை வேண்டும். திரும்பும் வழியில் அழுத்தம் மிகக் குறைவு. கெண்டைக்கால் தசை நடக்கும்போது பிழிவதும், மூச்சு உள்ளிழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைவதும், சற்றுமுன் சொன்ன வால்வுகளும் சேர்ந்து ரத்தத்தை மேலே ஏற்றுகின்றன.

துடிப்புக்கு மூளையின் ஆணை தேவையில்லை. வலது மேலறையின் சுவரில் உள்ள சைனஸ் கணு என்ற சிறு திசு, ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை தானாகவே மின்தூண்டலை எழுப்புகிறது. நரம்புகள் அதை விரைவுபடுத்தவோ தணிக்கவோ மட்டுமே செய்கின்றன. அந்தத் தூண்டல் மேலறைகளில் பரவி, இரண்டு தளங்களுக்கும் நடுவில் உள்ள கணுவில் நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதித்து, பிறகு கீழறைகளுக்கு இறங்குகிறது. அந்தத் தாமதத்துக்குள் மேலறைகள் சுருங்கிக் கீழறைகளை நிரப்பி முடிக்கின்றன. ஈசிஜி தாளில் காண்பது இந்த மின்னோட்டத்தின் தடம். ரத்தக் குழாயின் படம் அதில் இல்லை. ஈசிஜி நார்மல் என்றால் குழாயில் அடைப்பே இல்லை என்று பொருள் கொள்வது அதனால்தான் தவறாகிறது.

இனி கேள்வியின் மையத்துக்கு வருவோம். நாள் முழுவதும் ஆயிரக்கணக்கான லிட்டர் ரத்தத்தைக் கையாண்டாலும், உள்ளே நிரம்பும் ரத்தத்திலிருந்து இதயத் தசை தனக்கென்று எடுத்துக்கொள்வது மிகமிகக் கொஞ்சம். சுவர் தடிமனானது, உள்ளிருந்து ஊறி வெளிவரை போய்ச் சேராது. பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே பிரியும் இரண்டு கரோனரித் தமனிகள்தான் இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்து, கிளைவிட்டு, தசைக்குள் இறங்கி அதற்கு உணவூட்டுகின்றன. அவற்றின் விட்டம் 3 அல்லது 4 மில்லிமீட்டர்.

இங்கே இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. உடலின் மற்றத் தசைகள் ஓய்வில் தம்மிடம் வரும் ஆக்சிஜனில் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்கின்றன. தேவை கூடினால் அதே ரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ள இடமுண்டு. இதயத் தசையோ ஓய்விலேயே 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமானால் ஓட்டத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாவது, இதயம் சுருங்கும்போது தசைக்குள் இருக்கும் குழாய்களும் நசுங்குவதால், இடது கீழறைக்கு ரத்தம் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் இடைவெளியில்தான் கிடைக்கிறது. துடிப்பு வேகமாகும்போது முதலில் சுருங்குவது அந்த இடைவெளிதான். தேவை கூடும் வேளையிலேயே உணவு வேளை குறைகிறது. குழாய் சீராக இருக்கும்வரை அது நான்கைந்து மடங்கு ஓட்டத்தைக் கூட்டிச் சமாளித்துவிடும், குறுகிவிட்டால் முடியாது. மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் வலித்து, நின்றதும் ஓரிரு நிமிடங்களில் அடங்கும் ஆஞ்சைனா என்ற நெஞ்சு வலியின் காரணம் இதுதான். டிரெட்மில் சோதனை இந்தப் பற்றாக்குறையைத்தான் வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்கிறது. விட்டத்தில் சுமார் 70 சதவீதம் குறுகிய குழாயை அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும், எப்போதும் அல்ல. 30, 40 சதவீதக் குறுகல் ஓட்டத்தைப் பாதிக்காததால், அதைக் காட்டிக்கொடுக்க அதற்கு வழியே இல்லை.

அடைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் படம் தண்ணீர்க் குழாயில் பிடிக்கும் உப்பு. அந்தப் படம் தவறானது, தீங்கானதும்கூட. கொழுப்பு குழாயின் உட்பரப்பில் ஒட்டுவதில்லை, சுவருக்குள் புகுகிறது. எல்டிஎல் என்ற கொழுப்புத் துகள்கள் ரத்தத்தில் மிகுந்திருக்கும்போதும், புகை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவை குழாயின் உட்தோலைப் புண்படுத்தும்போதும், அத்துகள்கள் உட்தோலைக் கடந்து சுவரில் சிக்கிக்கொள்கின்றன. அவற்றை அப்புறப்படுத்த வரும் வெள்ளணுக்கள் அளவுக்கு மீறி விழுங்கி, நுரை நிரம்பியவைபோல் உப்பி, அங்கேயே மடிகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல, உள்ளே கூழ்போன்ற கொழுப்பும் இறந்த அணுக்களும், மேலே நார்த்திசுவாலான ஒரு மூடியுமாக ஒரு படிவு உருவாகிறது. தொடக்கத்தில் அது வெளிப்புறமாகவே வளர்கிறது. குழாய் தன் சுற்றளவைப் பெரிதாக்கி இடம்கொடுத்து, ரத்தம் ஓடும் வழியைக் குறுகாமல் காத்துக்கொள்கிறது. ஆஞ்சியோகிராம் என்பது மருந்து கலந்து ஓடும் ரத்தத்தின் நிழற்படம். வழி குறுகாதவரை சுவருக்குள் இருக்கும் படிவு அதிலும் தெளிவாகத் தெரியாது.

மூடி தடிமனாக இருந்தால் படிவு அமைதியாகக் கிடக்கும். அழற்சி மிகுந்து மூடி மெலிந்துவிட்டால், ஒருநாள் கிழியும். உள்ளிருக்கும் கூழ் ரத்தத்தின் மேல் பட்டதும், காயம் பட்டுவிட்டதாக எண்ணித் தட்டணுக்கள் குவிகின்றன. கையில் வெட்டுப்பட்டால் உயிரைக் காக்கும் அதே ரத்த உறைவு, 3 மில்லிமீட்டர் குழாய்க்குள் நடந்தால் சில நிமிடங்களில் வழியை அடைத்துவிடுகிறது. உங்கள் அண்ணனின் சுவரில் இருந்த படிவு அநேகமாக இருபது, முப்பது ஆண்டுகள் பழையது. புதிதாக வந்தது அந்த உறைகட்டி மட்டுமே. அதற்கு நான்கு மாதம் வேண்டியதில்லை. எல்லா மாரடைப்பும் இப்படித்தான் வருகிறது என்று சொல்லமாட்டேன். மூடி கிழியாமல் உட்தோல் மட்டும் அரிக்கப்பட்டு உறைவு ஏற்படுவதும் உண்டு. புகைப்பவர்களிடம் அதைக் காண்கிறோம். ஆனால் சோதனை சரியாக இருந்தும் சில மாதங்களில் மாரடைப்பு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நடந்திருப்பது இந்தக் கிழிசல்தான்.

குழாய் முற்றிலும் அடைபட்டபின் சுமார் 20 முதல் 30 நிமிடங்களில் தசை சாகத் தொடங்குகிறது. சாவு உட்புறச் சுவரில் ஆரம்பித்து வெளிப்புறம் நோக்கிச் சில மணி நேரத்தில் பரவுகிறது. செத்த தசை மீண்டும் வளராது. அந்த இடத்தில் தழும்பு விழும். ஆகவே இங்கே மருத்துவம் நேரத்தோடு போட்டியிடுகிறது. நடு நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, குமட்டல் ஆகியவை பரவலாகச் சொல்லப்படும் அறிகுறிகள். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலி பெரிதாக இல்லாமல் மூச்சிரைப்பு, தாங்க முடியாத அசதி, மேல்வயிற்றில் ஒரு சங்கடம் என்று மட்டும் வரலாம். வாயுப் பிடிப்பு என்று காத்திருந்து இழக்கும் மணி நேரம்தான் நான் பார்த்தவரையில் மிகப் பெரிய இழப்பு. சில நிமிடங்களுக்கு மேல் இப்படி நீடித்தால், யார் என்ன சொன்னாலும், ஆம்புலன்ஸை அழைப்பதே முறை. சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. மருத்துவமனையில் ஈசிஜியும், சிதைந்த இதயத் தசையிலிருந்து கசியும் ட்ரோபோனின் என்ற புரதத்தைத் தேடும் ரத்தப் பரிசோதனையும் நோயை உறுதிசெய்கின்றன. உறைகட்டியைக் கரைக்கும் ஊசி அல்லது பலூன் சிகிச்சை வழியைத் திறக்கிறது. பலூனால் இதயக் குழாயை விரிக்கும் முறையை 1977இல் ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார். அதற்கு வழிவகுத்தவர் 1929இல் தன் கைச் சிரை வழியாகத் தானே ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்ட வெர்னர் ஃபோர்ஸ்மன். அன்று கண்டனத்துக்கு ஆளானார். 1956இல் நோபல் பரிசு பெற்றார்.

கார்டியாக் அரெஸ்ட் வேறு. மாரடைப்பில் குழாய் அடைபடுகிறது, ஆனால் இதயம் துடித்துக்கொண்டே இருக்கிறது. ஆள் பெரும்பாலும் பேசுகிறார், வலி என்கிறார். கார்டியாக் அரெஸ்டில் மின்னோட்டம் சிதறி, கீழறைகள் ஒழுங்கற்று நடுங்குகின்றன, அல்லது முற்றிலும் நின்றுவிடுகின்றன. ஆள் சரிந்து விழுகிறார், கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சீராக இல்லை. மாரடைப்பு இதற்கு ஒரு முக்கியக் காரணமே தவிர, இரண்டும் ஒன்றல்ல. இந்நிலையில் அருகில் இருப்பவர் உதவிக்கு அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். நடுக்கத்தை அடக்கும் மின் அதிர்வு தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. அழுத்துதல் அந்தச் சரிவை மெதுவாக்கும். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று தயங்குகிறார்கள். முறியலாம். எலும்பு கூடிவிடும்.

குறுகிய குழாயை விரித்து வைக்கும் வலைக்குழலான ஸ்டென்ட் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் குறுகலுக்கும் வெடிப்புக்கும் உள்ள வேறுபாடு மிகவும் பயன்படும் இடம் அது. மாரடைப்பின் நடுவில் ஸ்டென்ட் உயிரைக் காக்கிறது. மாரடைப்பு இல்லாமல், நடந்தால் மட்டும் வலி என்ற நிலையில் உள்ளவர்களுக்கு அது வலியைக் குறைக்கிறது. ஆனால் நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது ஆயுளைக் கூட்டவில்லை என்று 2007இலும் 2020இலும் வெளியான கரேஜ், இஸ்கீமியா என்ற இரு பெரிய ஆய்வுகள் காட்டின. காரணம் எளிது. ஸ்டென்ட் ஓர் இடத்தைச் சரிசெய்கிறது. வெடிக்கக்கூடிய படிவுகள் குழாயின் நெடுக எங்கும் இருக்கலாம். ஸ்டாட்டின் மாத்திரைகள் எல்டிஎல்லைக் குறைத்து, படிவின் மூடியை உறுதிப்படுத்தி, எல்லா இடத்திலும் வேலை செய்கின்றன. இடது பிரதானத் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் போன்ற சிலர் இதற்கு விலக்கு. அவர்களுக்குப் பைபாஸோ ஸ்டென்ட்டோ ஆயுளையே நீட்டும்.

இந்தப் படிவுகளை வளர்ப்பவற்றில் முக்கியமான ஒன்று உயர் ரத்த அழுத்தம், அதாவது நாம் ரத்தக்கொதிப்பு என்கிறோமே, அது. அந்தப் பெயராலேயே கோபக்காரர்களுக்கு வருவது, தலை சுற்றினால் தெரியும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. உலகில் 30 முதல் 79 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 128 கோடிப் பேருக்கு இது உள்ளதென்றும், அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் அதை அறியாமலே இருக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணித்தது. அளக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், கையை இதய மட்டத்தில் தாங்கி வைத்து, கைச் சுற்றளவுக்குப் பொருந்தும் பட்டையைக் கட்டி இரண்டு முறை அளக்க வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். மருத்துவரைப் பார்த்ததும் ஏறும் அழுத்தம் ஒரு வகை. அங்கே சரியாக இருந்து வீட்டில் ஏறியிருப்பது இன்னொரு வகை, அது மேலும் மோசமானது. ஆகவே ஒரே ஓர் அளவை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

இதயச் செயலிழப்பு என்ற பெயர் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. கேட்பவர் இதயம் நின்றுவிட்டது என்று எண்ணிப் பதறுகிறார். உண்மையில் இதயம், உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை அனுப்ப முடியாமல், அல்லது அழுத்தம் ஏறாமல் நிரம்ப முடியாமல் திணறும் நிலைதான் அது. மாரடைப்பில் தசையை இழந்த இதயம், பல ஆண்டு ரத்த அழுத்தத்தால் தடித்து விறைத்த இதயம், வால்வு பழுதான இதயம் என்று பல வழிகள் இங்கே வந்து சேர்கின்றன. இடது பம்பு பின்தங்கினால் நுரையீரலில் நீர் கோக்கும் என்று முன்பே பார்த்தோம். படுத்தால் மூச்சு முட்டி, இரண்டு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் தூக்கம் வருவது அதனால்தான். வலது பம்பும் தளர்ந்தால் கால் வீங்கும். கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுங்கள். பிசைந்த மாவில் விரல் பதிந்ததுபோல் குழி நின்றால் அது நீர் வீக்கம். வீட்டு எடைக்கருவி இந்த நோயில் ஸ்டெதஸ்கோப்புக்கு நிகரானது: மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையாக இருக்க முடியாது, நீர்தான்.

இந்நோயின் விசித்திரம், உடலே அதை மோசமாக்குவது. ரத்த ஓட்டம் குறைந்ததும் உடல் அதை ரத்தப்போக்கு என்று புரிந்துகொள்கிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்குகிறது, அட்ரினலின் சுரந்து இதயத்தை விரட்டுகிறது, குழாய்கள் சுருங்குகின்றன. காயம்பட்டவனைக் காக்கும் இந்த ஏற்பாடு, தளர்ந்த இதயத்தின் மேல் சுமையை ஏற்றுகிறது. துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளைப் பலவீனமான இதயத்துக்குக் கொடுக்கவே கூடாது என்றுதான் ஒரு காலத்தில் கற்பித்தார்கள்; இன்று சுருங்கும் ஆற்றல் குறைந்த இதயத்துக்கான சிகிச்சையின் நான்கு தூண்களில் அது ஒன்று. சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவதுதான் சூட்சுமம்.

துடிப்பின் ஒழுங்கு கெடுவதில் பெரும்பாலானவை தீங்கற்றவை. நடுவில் ஒரு துடிப்பு தப்பி, அடுத்தது அழுத்தமாக விழுவதுபோல் தோன்றுவது பலருக்கும் உண்டு. கவனிக்க வேண்டியது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதில் மேலறைகள் சுருங்காமல் நடுங்குவதால், இடது மேலறையின் காதுமடல்போன்ற ஒரு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். அதன் வாய்ப்பு இந்நோய் உள்ளவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். இடைவெளிகளில் எந்த முறையும் இல்லாமல் தாறுமாறாக இருந்தால் ஈசிஜி எடுக்க வேண்டும். வால்வு நோய்களில் முதியோருக்குப் பெருந்தமனி வால்வு சுண்ணமேறிக் குறுகுவது பரவலானது. சிறு வயதில் தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் ஈரிதழ் வால்வைக் கெடுப்பது உலகின் ஏழைப் பகுதிகளில் இன்னும் ஓயவில்லை, பென்சிலினால் தடுக்கக்கூடியது என்றபோதிலும். கால் சிரையில் உறைந்த ரத்தம் நுரையீரலை அடைப்பது இன்னொரு வகை; நெடுநேரம் அசையாமல் இருந்தபின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதை நினைக்க வேண்டும்.

கடைசியாக உங்களைப் பற்றி. ஆண் உறவினருக்கு 55 வயதுக்கு முன்பும், பெண் உறவினருக்கு 65 வயதுக்கு முன்பும் இதயக் குழாய் நோய் வந்திருந்தால், உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் அது ஓர் ஆபத்துக் காரணியாகக் கணக்கிடப்படுகிறது. அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்திருந்தால், அவருக்கு எழுதித்தந்த இரண்டு தட்டணு எதிர்ப்பு மருந்துகளையும் மருத்துவரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது. பல் பிடுங்குவதற்காக என்றாலும் கேட்டுவிட்டே செய்ய வேண்டும். உங்களுக்கு நெஞ்சு வலி, மூச்சிரைப்பு எதுவும் இல்லையென்றால், நீங்களும் போய் ஒரு டிரெட்மில் சோதனை செய்துகொள்வதில் பெரிய பயனில்லை. அது ஏன் என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். ரத்த அழுத்தம், எல்டிஎல், சர்க்கரை ஆகியவற்றோடு, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதுமான லிப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்புத் துகளின் அளவையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். புகைப்பவராக இருந்தால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று உங்களுக்கும் மருத்துவருக்கும் ஐயம் மிஞ்சினால், சுவரில் படிந்த சுண்ணத்தை அளக்கும் சிடி ஸ்கேன் ஒன்று உண்டு. டிரெட்மில் காணாத சுவரை அது ஓரளவுக்குக் காண்கிறது.